விடையின் அகலம்: தெகிவளைக் கூரைக்கு ஓர் ஆயிடைக் கணக்கு

மாமா கொழும்பை அடுத்த தெகிவளை வீட்டு மொட்டைமாடியில் சோலார் பனல் போடும் யோசனையில் இருக்கிறார். முகில் இல்லாத ஒரு நாளில் அந்தத் தளத்தில் ஒரு சதுர மீற்றருக்கு எவ்வளவு நேர்வெயில் விழும் என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நீளத்தைச் சொன்னால் கூடக்குறைய எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு அது அளவே இல்லை. நான் ஓர் எண்ணைக் கொடுத்ததும் கேட்டார்: “தம்பி, இது எத்தனையாம் தசமதானம் மட்டும் சரி?”

அது சிம்சன் விதியால், அதாவது சார்பின் கீழுள்ள பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கூட்டும் முறையால், வந்த எண். துண்டுகளை இரட்டித்துப் பார்த்தேன், முன்னால் உள்ள இலக்கங்கள் அசையவில்லை. அதனால் சரி என்று சொல்லிவிடலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் இரண்டு கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது வேறு, இரண்டும் உண்மையோடு ஒத்துப்போவது வேறு. சிம்சன் விதி சார்பைச் சில புள்ளிகளில் மட்டும்தான் பார்க்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் சார்பு குதித்தாலும் அதற்குத் தெரியாது. புத்தகத்தில் வழுவுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறதுதான். அதில் நாலாம் பெறுதியை ‘இடையில் ஏதோ ஒரு புள்ளியில்’ எடுக்கச் சொல்லியிருக்கும். அந்தப் புள்ளி எதுவென்று யாருக்கும் தெரியாததால், சூத்திரம் பரீட்சைக்கு மட்டும் பயன்பட்டுப் போய்விடுகிறது.

அந்த ‘ஏதோ ஒரு புள்ளி’யைக் கையாளத்தான் ஆயிடைக் கணிதம். ஆயிடை என்றால் ஒரு கீழ் எல்லைக்கும் ஒரு மேல் எல்லைக்கும் இடையில் உள்ள எல்லா எண்களும். புள்ளியைத் தேடாமல் துண்டு முழுவதையும் ஒரே எண் போலச் சார்புக்குள் போடுகிறோம். சார்பு அங்கே எடுக்கக்கூடிய எல்லாப் பெறுமானங்களையும் அடக்கிய ஓர் ஆயிடை வெளியே வருகிறது. ரமோன் மூர் 1966இல் இதைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். அடிப்படை எளிது. [அ, ஆ] + [இ, ஈ] = [அ + இ, ஆ + ஈ]. கழித்தலில் முனைகள் மாறிக்கொள்ளும்: [அ − ஈ, ஆ − இ]. பெருக்கலுக்கு நான்கு பெருக்கங்களையும் எடுத்து, அவற்றில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கவனம் தேவைப்படுவது மட்டந்தட்டலில். கணினி 64 பிட் எண்ணில் கூட்டிய பிறகு கிட்டிய எண்ணுக்கு மட்டந்தட்டும். கீழ் எல்லை அந்த மட்டந்தட்டலில் மேலே ஏறிவிட்டால் உத்தரவாதம் போய்விட்டது. ஆகவே கீழ் எல்லையைக் கீழ்நோக்கியும் மேல் எல்லையை மேல்நோக்கியும் தள்ள வேண்டும். நான் நிரல் எழுதும் பைதன் மொழியில் மட்டந்தட்டும் திசையை நேரடியாக மாற்ற வழியில்லை. ஆனால் ஓர் எண்ணின் பக்கத்து எண்ணைத் தரும் சார்பு 3.9ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் இரு முனைகளையும் ஒரு படி வெளியே நகர்த்தினேன். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றுக்கு இது போதும்; அவை கிட்டிய எண்ணுக்குச் சரியாக மட்டந்தட்டப்பட வேண்டும் என்று கணினி எண்களுக்கான ஐஇஇஇ 754 நியமம் கட்டாயப்படுத்துகிறது. சைனுக்கும் அடுக்குக்குறிச் சார்புக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு படி போதுமா, மூன்று வேண்டுமா என்று ஊகிப்பது உத்தரவாதம் ஆகாது. எனவே அவற்றை எம்பிமேத் நூலகத்தின் ஆயிடைப் பகுதியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

உள்ளே கொடுக்கும் எண்களிலும் இதே கதைதான். 0.1 என்று தட்டினால் கணினிக்குள் போவது பத்தில் ஒன்று அல்ல, அதைவிட ஒரு மயிரிழை பெரிய எண். கொழும்பின் அகலக்கோடு 6.93 பாகை என்று கொடுத்தாலும் அப்படியே. ஆகவே தசமத்தில் எழுதிய எண் எதுவும் உள்ளே வரும்போதே ஆயிடையாக வர வேண்டும்.

அடிப்படைச் செயல்களைச் சோதிக்க ஒரு வசதி இருக்கிறது. பைதனின் பின்ன வகை, கணினி எண் ஒவ்வொன்றையும் பிசகில்லாமல் பின்னமாக மாற்றும். எழுந்தமானமாக எண்களை எடுத்து, செயலைப் பின்னத்தில் துல்லியமாகச் செய்து, விடை என் ஆயிடைக்குள் விழுகிறதா என்று பார்த்தேன். ஆயிடை எழுதும் எவரும் இந்தச் சோதனையைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பேன். இது இல்லாமல் மேலே கட்டும் எதையும் நம்ப முடியாது.

அப்புறம் விடை தெரிந்த ஒரு தொகையீடு. எக்ஸின் வர்க்கத்தோடு 1 கூட்டி, அதனால் 4ஐ வகுத்து, 0 முதல் 1 வரை தொகையிட்டால் பை வரும். துண்டு முழுவதற்கும் சார்பின் ஆயிடையை எடுத்து, துண்டின் அகலத்தால் பெருக்கிக் கூட்டுவதுதான் மிக எளிய முறை. இந்தச் சார்பு 4இலிருந்து 2 வரை இறங்கிக்கொண்டே போகிறது. ஆகவே விடை ஆயிடையின் அகலம், 2ஐத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தது. ஆயிரம் துண்டுக்கு 0.002. பத்து தசமதானம் வேண்டுமென்றால் ஆயிரம் கோடிக்கு மேல் துண்டுகள் போட வேண்டும். உத்தரவாதம் உண்டு, ஆனால் அதைக் காத்திருந்து வாங்க ஆள் இல்லை.

அடுத்த முறையில் நடுப்புள்ளியும் இரண்டாம் பெறுதியும் வரும். துண்டின் அகலம் க, நடுப்புள்ளி ந என்றால்:

தொகையீடு ∈ க × சார்பு(ந) + (க³ ÷ 24) × இரண்டாம் பெறுதி(துண்டு முழுவதும்)

பாடப்புத்தகத்தின் ‘ஏதோ ஒரு புள்ளி’ இங்கே ‘துண்டு முழுவதும்’ ஆகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வழக்கமான நடுப்புள்ளி விதியின் வழு, அகலத்தின் வர்க்கத்தோடு குறையும். இங்கே வழு உறுப்பைத் தூக்கி எறியாமல் ஆயிடையாகக் கூட்டுகிறோம். அந்த உறுப்பில் நமக்குத் தெரியாமல் இருப்பது, துண்டுக்குள் இரண்டாம் பெறுதி எவ்வளவு அசைகிறது என்பது மட்டும்தான். துண்டு சிறுத்தால் அந்த அசைவும் சிறுக்கும். ஆகவே விடையின் அகலம் கனத்தோடு குறைகிறது. உத்தரவாதம் கேட்டதற்குத் தண்டனை இல்லை, ஒரு படி கூடுதல் லாபம்.

ஆயிரம் துண்டுக்கு அகலம் ஏறத்தாழ 5.6 × 10⁻¹⁰ வந்தது. சும்மா நம்பாமல் கையால் சரிபார்த்தேன். 0 முதல் 1 வரை இரண்டாம் பெறுதி −8இலிருந்து 2 வரை ஏறுகிறது. மொத்த அசைவு 10. அதை 24ஆல் வகுத்து, க³ஆல் பெருக்கினால் 4.2 × 10⁻¹⁰ தான் வர வேண்டும். மீதி எங்கிருந்து வந்தது? ஆயிடைக் கணிதத்தின் பழைய நோயிலிருந்து. எக்ஸ் என்பது [0, 1] என்றால், எக்ஸிலிருந்து எக்ஸைக் கழித்தால் 0 வராது, [−1, 1] வரும். இரண்டும் ஒரே எக்ஸ் என்பது கழித்தலுக்குத் தெரியாது. என் இரண்டாம் பெறுதியில் எக்ஸ் மேலேயும் கீழேயும் நிற்கிறது; அதனால் அசைவு 10க்குப் பதில் 13.5 ஆகிவிடுகிறது. நூற்றுக்கு 35 வீதம் கூடுதல். விடை பிழையில்லை, வேண்டியதைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். இந்த இடத்தில் கோவையைத் திருத்தி எழுதி மினக்கெடுவதைவிடத் துண்டுகளைக் கூட்டுவது மலிவு.

சரி, கூட்டினேன். பத்தாயிரம் துண்டுக்கு அகலம் ஆயிரம் மடங்கு குறைந்து 5.6 × 10⁻¹³ ஆக வேண்டும். வந்தது 6 × 10⁻¹² அளவு. ஒரு இலட்சம் துண்டு போட்டால் குறையவே இல்லை, 5.7 × 10⁻¹¹ஆகக் கூடியது!

காரணம் கூட்டல்தான். ஒவ்வொரு கூட்டலுக்கும் இரு முனைகளையும் ஒரு படி வெளியே தள்ளுகிறேன். கூட்டுத்தொகை 2ஐத் தாண்டியதும் ஒரு படி என்பது 4.4 × 10⁻¹⁶. இலட்சம் தடவை தள்ளினால் அது தெரியத்தான் செய்யும். சாதாரணக் கணக்கிலும் இந்த வழு உள்ளேயே இருக்கிறது. அங்கே மேலும் கீழுமாக ஒன்றையொன்று தின்று மறைந்துவிடும் என்று நம்பி விட்டுவிடுகிறோம். ஆயிடை நம்புவதில்லை. மருந்து பைதனிலேயே இருக்கிறது: பட்டியல் முழுவதையும் இடையில் இழக்காமல் கூட்டி, கடைசியில் ஒரே தடவை மட்டந்தட்டும் கூட்டல் சார்பு ஒன்று கணித நூலகத்தில் உண்டு. கீழ் முனைகளைத் தனியாகவும் மேல் முனைகளைத் தனியாகவும் அதில் கூட்டி, ஒரே ஒரு படி வெளியே தள்ளினால் போதும். பத்தாயிரம் துண்டில் எதிர்பார்த்த 5.6 × 10⁻¹³ வந்தது. இலட்சத்தில் 10⁻¹⁴ அளவுக்கு இறங்கியது. அதற்குக் கீழே 64 பிட்டில் போக இடமில்லை.

இனிக் கூரை. மார்ச் மாதச் சமஇராப்பகல் நாளை எடுத்தேன். ஏப்ரல் முற்பகுதியில்தான் சூரியன் கொழும்பின் உச்சிக்கு நேரே வரும். ஆனால் சமஇராப்பகலில் சூத்திரம் சுருங்கிவிடுகிறது. சூரிய உயரத்தின் சைன் = அகலக்கோட்டின் கோசைன் × மணிக்கோணத்தின் (நண்பகலிலிருந்து சூரியன் எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கோணத்தின்) கோசைன். இதை ‘உயரம்’ என்று வைத்துக்கொள்வோம். வளிமண்டலத்துக்கு வெளியே, பூமி சராசரித் தூரத்தில் இருக்கும்போது, சூரியனுக்கு நேரே பிடித்த ஒரு சதுர மீற்றருக்கு 1361 வாட். வளியே இல்லை என்று வைத்தால் தொகையீட்டைக் கையாலேயே போடலாம்: ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10.32 கிலோவாட் மணி. நிரல் தந்த ஆயிடை இதை அடக்கியிருந்தது. வளியைச் சேர்த்ததும் சார்பு இப்படி ஆகிறது:

1361 × உயரம் × அடுக்குக்குறி(−தடிப்பு ÷ உயரம்)

தடிப்பு என்பது வளி வெயிலை எவ்வளவு மறிக்கிறது என்பதற்கான எண். காலையிலும் மாலையிலும் உயரம் சிறிது, கதிர் நீண்ட வளியைக் கடக்கிறது, ஆகவே மறிப்பும் கூட. இது மிக எளிய மாதிரிதான்; வானம் முழுவதிலுமிருந்து சிதறி வரும் ஒளி இதில் இல்லை.

இரண்டாம் பெறுதியைக் கையால் எடுப்பது இதற்கு எரிச்சலான வேலை. அதனால் டெய்லர் குணகங்களை (ஒரு புள்ளியைச் சுற்றிச் சார்பை அடுக்குத்தொடராக விரித்தால் வரும் பெருக்கிகளை) நிரலே எடுக்கும்படி மாற்றினேன். ஒவ்வொரு சார்பும் தன் குணகங்களின் பட்டியலைக் கொண்டு திரியும். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் அடுக்குக்குறிக்கும் முந்தைய குணகங்களிலிருந்து அடுத்ததைப் பெறும் சின்னச் சூத்திரங்கள் உண்டு. சைனையும் கோசைனையும் சோடியாகக் கொண்டுபோக வேண்டும், ஒன்றின் குணகத்துக்கு மற்றது தேவை. நடுப்புள்ளியில் ஒரு தடவை, துண்டு முழுவதற்கும் ஒரு தடவை ஓட்டினால் வேண்டிய படி வரை எல்லாம் கிடைத்துவிடும். கடைசி உறுப்பு இரட்டைப்படியாக இருக்க வேண்டும். அப்போதுதான் அதன் பெருக்கி துண்டின் இரு பக்கத்திலும் குறி மாறாது, சராசரிப் பெறுமானத் தேற்றம் செல்லும். பத்தாம் படியில் சில நூறு துண்டுகளே போதும்.

ஓட்டினால் விடை: மறை முடிவிலி முதல் முடிவிலி வரை. மறுப்பதற்கில்லை, உண்மை அதற்குள்தான் இருக்கிறது.

குற்றவாளி அடிவானம். மணிக்கோணம் பையின் அரைவாசிக்குப் போகும்போது உயரம் 0 ஆகிறது. ஆனால் பையின் அரைவாசி கணினி எண் அல்ல. அதை அடக்கும் ஆயிடையில் கோசைனைக் கேட்டால் கீழ் முனை பூச்சியத்துக்கு ஒரு துளி கீழே, 10⁻¹⁶ அளவு, மறையாக வருகிறது. பூச்சியத்தை அடக்கும் ஆயிடையால் வகுத்தால் எண்கோடு முழுவதுமே விடை. அந்த ஒரு துளி நாள் முழுவதையும் விழுங்கிவிட்டது.

இங்கே சார்பை யோசிக்க வேண்டும், நிரலை அல்ல. சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனால் நேர்வெயில் 0. மேலே இருந்தால், உயரம் கூடக்கூட, பெருக்கலில் நிற்கும் உயரமும் கூடுகிறது, அடுக்குக்குறியும் கூடுகிறது. ஆகவே முழுச் சார்பும் உயரத்தோடு ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் ஓர் ஆயிடைக்கு இரு முனைகளில் பார்த்தால் போதும். மறை முனைக்குப் பெறுமானம் 0. வகுத்தலே தேவையில்லை. டெய்லரை மட்டும் அடிவானத்துக்குக் கிட்டக் கொண்டுபோக முடியாது, கடைசித் துண்டை எளிய முறையிலேயே அடைக்க வேண்டும். அதனால் என்ன நட்டம் என்று பார்த்தேன். இரு முனையிலும் கடைசி 0.01 ரேடியன், அதாவது சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கும் ஏறத்தாழ இரண்டே கால் நிமிடம். தடிப்பு 0.3 என்றால், அந்த இரண்டு துண்டுகளும் சேர்ந்து விடையின் அகலத்தில் கூட்டுவது 10⁻¹³ வாட் மணிக்கும் குறைவு.

இதுவரை அகலம் முழுக்கக் கணக்கின் குறை. அடுத்துத் தரவின் குறையையும் உள்ளே விட்டேன். தெகிவளை வீட்டின் அகலக்கோட்டைத் துல்லியமாகத் தேடிப் போகாமல் 6.84 முதல் 6.86 பாகை என்று தாராளமாகக் கொடுத்தால், அது நாள் கணக்கில் அரை வாட் மணிகூட அசைக்கவில்லை. தடிப்பை 0.3 முதல் 0.4 வரை என்று நானாகவே வைத்தேன். கடலோரத்து ஈரக் காற்றில் இதைவிட நெருக்கிச் சொல்ல என்னிடம் அளவுகருவி இல்லை. விடை ஏறத்தாழ [5.9, 6.8] கிலோவாட் மணி. துண்டுகளை இரட்டித்தேன், அசையவில்லை. பத்து மடங்காக்கினேன், அசையவில்லை.

அகலத்தை வைத்து நோய் எங்கே என்று சொல்லிவிடலாம். துண்டு கூடும்போது அகலம் குறைந்தால் குறை தொகையிடும் முறையில். கூடினால் மட்டந்தட்டலில். அசையாமல் நின்றால் தரவில். இனிக் கணினியை வருத்திப் பயனில்லை, போய் அளந்துகொண்டு வர வேண்டும். சிம்சன் விதி தந்த ஒற்றை எண் இந்த மூன்றில் எதையும் சொல்லாது.

மாமா இந்தப் பதிலை நான் நினைத்ததைவிட நன்றாக எடுத்துக்கொண்டார். “அப்ப ஆறு எண்டு வச்சுக் கணக்குப் பாப்பம்” என்றவர், அடுத்ததாகப் பக்கத்து வளவுத் தென்னையைக் காட்டினார். பின்னேரம் அதன் நிழல் தளத்தில் விழுகிறது. நிழல் விழுந்ததும் சார்பு சட்டென்று விழும். சிம்சன் விதிக்கு இது கெட்ட கனவு. ஆயிடைக்குப் பெரிய பிரச்சினை இல்லை. விழும் நேரத்தை அடக்கிய துண்டில் மட்டும் விடை ‘0 முதல் முழு வெயில் வரை’ என்று வரும், துண்டைப் பாதியாக்கினால் அகலமும் பாதியாகும். ஆனால் நேரமே சரியாகத் தெரியாவிட்டால் அதுவும் தரவின் குறைதான். நேர்வெயில் 500 வாட்டாக இருக்கும்போது நிழல் பத்து நிமிட ஐயத்தோடு வந்தால் ஏறத்தாழ 83 வாட் மணி. தடிப்பு தரும் ஐயத்தில் பத்தில் ஒன்று. தென்னையை வெட்டும் பேச்சு அத்தோடு நின்றது.

கூரைக் கணக்கு முடிந்தாலும், முறையைக் கடுமையாகச் சோதிக்க ஒன்று வேண்டியிருந்தது. ஆயிடைக் கணிதத்தில் பெயர் பெற்ற சீக்ஃப்ரீட் ரம்ப் காட்டிய உதாரணம் அதற்கு வசதி: எக்ஸையும் அடுக்குக்குறி எக்ஸையும் கூட்டி அதன் சைன், 0 முதல் 8 வரை. பார்க்கச் சாது. ஆனால் 8க்குப் போவதற்குள் 475 அலைகள் அடிக்கிறது, பெரும்பாலானவை கடைசியில் நெருக்கியடித்துக்கொண்டு. சம இடைவெளியில் நூறு துண்டு போட்டால் கடைசித் துண்டு ஒன்றுக்குள்ளேயே முப்பதுக்கு மேல் முழு அலைகள் ஒளிந்துவிடும். புள்ளிகளில் கிடைப்பது வெறும் குலுக்கல்.

துண்டுகளைச் சமமாகப் போடாமல், ஒவ்வொரு தடவையும் மிக அகலமான விடை தரும் துண்டைப் பாதியாக்கும்படி மாற்றினேன். ஒரே துண்டில் கிடைக்கும் விடை [−8, 8]. சைன் −1க்கும் 1க்கும் நடுவில்தான் இருக்கும், நீளம் 8, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்கிறது நிரல். இந்த நேர்மைதான் எனக்கு வேண்டும். அப்புறம் வெகுநேரம் முன்னேற்றமே தெரியாது. ஒரு துண்டுக்குள் ஒரு முழு அலை அடங்கும்வரை சைனின் ஆயிடை [−1, 1] ஆகவே நிற்கும். துண்டுகள் அலையைவிடச் சிறுத்ததும் அகலம் தடதடவென்று விழுகிறது. 0 பக்கம் பெரிய துண்டுகள், 8 பக்கம் பொடிப்பொடி. யாரும் சொல்லிக்கொடுக்காமல் நிரலே தன் அகலத்தைப் பார்த்துப் பிரித்துக்கொண்டது. விடை 0.34740017இல் தொடங்கியது.

பைதனில் நானே எழுதிய ஆயிடை மெதுவானது. பெரிய வேலைக்கு ஃபிரெட்ரிக் யொஹான்சன் எழுதிய ஆர்ப் நூலகம் இருக்கிறது. 2023இல் அது ஃபிளிண்ட் நூலகத்தோடு சேர்ந்துவிட்டது, பைதனிலிருந்தும் கூப்பிடலாம். எண்ணை இரு முனையாக வைக்காமல் நடுவும் ஆரையுமாக வைக்கிறது. தொகையீட்டுக்குச் சார்பைச் சிக்கலெண் தளத்தில் மதிப்பிட்டு எல்லை கட்டுகிறது. ரம்பின் உதாரணத்தை அதில் கொடுத்தால் கண் இமைப்பதற்குள் பல பத்து இலக்கங்கள். எம்பிமேத்தின் சாதாரணத் தொகையீட்டுச் சார்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தரும் வழு வெறும் மதிப்பீடு, உத்தரவாதம் அல்ல.

ஆனால் என் கூரைச் சார்பை ஆர்ப்பிடம் அப்படியே கொடுக்க முடியாது. அடிவானத்தில் அதே பூச்சிய வகுத்தல், அதே பயனற்ற விடை. சார்பு உயரத்தோடு ஏறுகிறது என்பது அதற்குத் தெரியாது. தென்னை நிழல் விழும் நேரத்திலும் சார்பு வழுவழுப்பாக இல்லை என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ஆகவே நிழல் நேரத்தில் வெட்டி, இரு முனையிலும் 0.01 ரேடியனை வெட்டி, நடுப்பகுதிகளை மட்டும் அதனிடம் கொடுத்தேன். வெட்டிய ஓரங்களுக்கு என் பழைய இரு முனைக் கணக்கே இன்னும் ஓடுகிறது.